பெட்டியில் போட்டிருக்கும் வேகம்

"பெட்டியில அஞ்சு ஜிபின்னு போட்டிருக்கு. நீ மாட்டிக் குடுத்ததுல நூத்திச் சொச்சந்தான் காட்டுது. மிச்சம் எங்கடே போச்சு?"

திசையன்விளையில் யூ.எஸ்.பி. கார்டு விற்பவன் எவனும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணாச்சியாக இருக்கலாம், கப்பல் வேலையிலிருந்து லீவில் உவரிக்கு வந்த பையனாக இருக்கலாம், சென்னையில் கடை வைத்திருந்து கோயில் கொடைக்கு ஊர் வந்தவராகவும் இருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது. பதிலின் முதல் பாதி சுலபம். பெட்டியில் போட்டிருப்பது ஜிகாபிட், திரையில் தெரிவது மெகாபைட். யூ.எஸ்.பி. 3.0 எட்டு பிட் தரவை அனுப்பக் கம்பியில் பத்து பிட் ஓட்டுகிறது. ஆக ஐந்து ஜிகாபிட் என்பது நொடிக்கு 500 எம்.பி.தான். பேச்சுவார்த்தைச் செலவெல்லாம் கழித்தால், நல்ல நாளில் நானூறுக்கு மேலே கொஞ்சம் மிஞ்சும். அந்த நானூறு எப்படி நூறாகிறது என்பது இரண்டாவது பாதி. அந்தப் பாதியைத் தேடித்தான் என் தொழிலில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

கார்டு வாங்க ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்றால் காரணம் எச்.61 போர்டு. 2011-க்குப் பிறகு சில வருஷம் எங்கள் பக்கம் அசெம்பிள் பண்ணிய பெட்டிகளில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். விலை குறைவு, சாகவும் சாகாது. ஆனால் அந்தச் சிப்செட்டில் யூ.எஸ்.பி. 3.0 கிடையாது. அடுத்த வருஷம் வந்த பி.75-இல்தான் இன்டெல் அதைச் சேர்த்தது. கேமரா கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் பெரிதாகிக்கொண்டே போக, போர்டு மட்டும் நொடிக்கு முப்பது முப்பத்தைந்து எம்.பி.யிலேயே நின்றுவிட்டது. ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா ஓடினால் நூறு ஜி.பி. சாதாரணம். அதைப் பழைய போர்ட்டில் இறக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். போர்டை மாற்றினால் பிராசசர், ராம் எல்லாம் மாற்ற வேண்டும். கார்டு ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம். யாராக இருந்தாலும் கார்டைத்தான் கேட்பார்கள்.

இதற்கு முந்தைய தலைமுறையிலும் இதே கதை நடந்தது. பென்டியம் 3, 815 சிப்செட் காலத்தில் போர்டில் இருந்தது யூ.எஸ்.பி. 1.1, அதாவது 12 மெகாபிட். 700 எம்.பி. சி.டி. அளவு கோப்பு ஒன்றை ஏற்றப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அப்போது பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகும் யூ.எஸ்.பி. 2.0 கார்டுகள் வந்தன. ஒன்றில் வி.ஐ.ஏ. சிப், இன்னொன்றில் என்.இ.சி. சிப். பார்க்க இரண்டும் ஒன்றுதான். என்.இ.சி. பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் வாங்கிவிடலாம், வி.ஐ.ஏ.யில் பென் டிரைவ் போகும் வரும் என்று அன்றே தொழிலில் பேச்சு. கார்டை வாங்காதே, அதன் மேல் உள்ள சிப்பை வாங்கு என்பது எனக்கு அப்போது படிந்த பழக்கம். அது இன்றைக்கும் விடவில்லை.

கார்டுகளை நான் சோதிப்பது லினக்ஸில். அது என் மேஜைக்கு வந்தது கொள்கை எதற்காகவும் இல்லை, ஷார்ட்கட் வைரஸால். பிரவுசிங் சென்டரில் செருகிய பென் டிரைவ் அத்தனையும் அதோடுதான் கடைக்கு வரும். விண்டோஸில் செருகினால் என் பெட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் செருகினால் அது வெறும் கோப்பு, அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை வைத்துச் செய்தது. "அண்ணே, அந்த பாஸ எடுத்துட்டு முழுசா விண்டோஸ் போட்டுத் தாங்க" என்று பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு, என் மேஜையில் டெபியன் போட்டுக்கொண்டேன்.

கார்டு விஷயத்தில் லினக்ஸுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. யூ.எஸ்.பி. 3.0-க்கான டிரைவரை இன்டெலில் இருந்த சேஜ் ஷார்ப் எழுத, அது 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. மற்ற எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் முன்னால். விண்டோஸ் 7-இல் கார்டோடு வரும் குட்டி சி.டி.யில் இருக்கும் டிரைவரைப் போட வேண்டும். அந்த சி.டி.யை ஒருவரும் பத்திரமாக வைத்திருந்து நான் பார்த்ததில்லை. லினக்ஸில் கார்டைச் செருகி பெட்டியை ஆன் பண்ணினால் முடிந்தது. அதனால் எந்தக் கார்டு வந்தாலும் முதலில் லினக்ஸ் மேஜையில் மாட்டி அளந்த பிறகுதான் வாடிக்கையாளர் பெட்டிக்குப் போகும்.

அளப்பது என்று சொல்லிவிட்டேன், அதில்தான் ஆயிரம் ஏமாற்று. ஒரு ஜி.பி. சினிமாவை பென் டிரைவில் காப்பி பண்ணினால் லினக்ஸ் ஐந்தே நொடியில் முடிந்ததாகக் காட்டும். பையன் ஆச்சரியப்பட்டுப் பிடுங்கிக்கொண்டு போவான், வீட்டில் போய்ப் பார்த்தால் படம் பாதியில் நிற்கும். லாரியிலிருந்து சரக்கைத் திண்ணையில் இறக்கியதுமே 'வந்து சேர்ந்தது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கிட்டங்கிக்குள் பிறகு மெல்ல அடுக்குகிற வியாபாரி மாதிரிதான் லினக்ஸ். திண்ணை என்பது ராம். எழுதப்படாத தரவு, கிடைக்கும் ராமில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேரலாம் என்று கெர்னலில் முன்னிருப்பாகவே வைத்திருக்கிறார்கள். எட்டு ஜி.பி. ராம் உள்ள பெட்டியில் ஒன்றரை ஜி.பி. வரைக்கும் நாம் பார்ப்பது ராமின் வேகம், டிஸ்க்கின் வேகம் இல்லை. ஆகவே அளக்கும் கோப்பு ராமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது டி.டி. கட்டளையில் கடைசி பைட் வரை டிஸ்க்கில் இறங்கிய பிறகே கணக்கை முடி என்று சொல்ல வேண்டும். கடைப் பையன்கள் எச்.டி.பார்ம் கட்டளையில் பெரிய டி போட்டு நொடிக்கு எட்டாயிரம் எம்.பி. என்று கத்துவார்கள். பெரிய டி ராமைப் படிப்பது, சின்ன டிதான் டிஸ்க்கைப் படிப்பது. இந்த ஒற்றை எழுத்தை நம்பிக் கார்டு விற்றவர்கள் உண்டு.

அளப்பதற்கென்றே ஒரு எஸ்.எஸ்.டி.யை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் டிஸ்க்கில் கார்டை அளந்தால், அளப்பது டிஸ்க்கைத்தான். அதே எஸ்.எஸ்.டி., அதே கேபிள், அதே கெர்னல். மாறுவது கார்டும் ஸ்லாட்டும் மட்டும்.

இனி ஸ்லாட். பழைய ஜி.31, ஜி.41 போர்டில் இருக்கும் சின்ன ஸ்லாட் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறை, ஒற்றைப் பாதை. காகிதத்தில் 250 எம்.பி., கையில் வருவது 180 போல. எவ்வளவு உயர்ந்த கார்டைக் கொண்டுவந்து செருகினாலும் அதற்கு மேல் நகராது. எச்.61-இல் இரண்டாம் தலைமுறை என்பதால் இரட்டிப்பு, என் மேஜையில் நல்ல கார்டுகள் 350-க்குப் பக்கத்தில் வரும். சிப்செட்டிலேயே பிறந்த போர்ட் இருந்தால் அதே எஸ்.எஸ்.டி. நானூறைத் தாண்டும். கார்டில் நான்கு வாசல் இருந்தாலும் ஏழு வாசல் இருந்தாலும் பின்னால் இருப்பது அந்த ஒரே பாதைதான். ஏழு வாசல் கார்டு என்று விற்பதில் பல, நான்கு வாசல் சிப்போடு ஒரு ஹப்பை ஒட்டவைத்தது. எல்.எஸ்.யூ.எஸ்.பி.யை மர வடிவில் காட்டச் சொன்னால் கிளை பிரிவது அப்படியே தெரிந்துவிடும்.

இந்த ஊர்க்காரனாக நான் கற்றுக்கொண்ட ஒன்று இங்கே வருகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, தேரிக்காட்டுச் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் நுழையும். சி.பி.யு. பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் சிவப்பு. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பெட்டியில் இதோடு உப்பும் சேர்ந்து, ஸ்லாட் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையை விரிவாகக் கேட்டால் இரண்டு வரி வரும்: இந்த இணைப்பால் எவ்வளவு முடியும், இப்போது எவ்வளவில் ஓடுகிறது. முடிவது 5 என்றும் ஓடுவது 2.5 என்றும் காட்டி, பக்கத்தில் 'இறக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் நான் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுப்பேன். கார்டின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டை பிளோயரால் ஊதி, மறுபடி அழுத்திச் செருகினால் பல நேரம் 5 வந்துவிடும். தொடர்பு சரியில்லாதபோது இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு தாங்களாகவே மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். விண்டோஸ் இதை வெளியே சொல்லாது. அதனால்தான் 'கார்டு போன வருஷம் நல்லா ஓடிச்சு, இப்பம் பாதியாயிட்டு' என்று வருகிறவரிடம் நான் முதலில் ஊர் எது என்று கேட்பேன்.

செருகும் விதத்திலும் ஒரு சங்கதி உண்டு. நீலப் பிளக்கில் 3.0-க்கான பின்கள் உள்ளே தள்ளி இருக்கின்றன. பிளக்கை நிதானமாகத் தள்ளினால் முன்னால் இருக்கும் பழைய பின்கள் முதலில் தொட்டு, டிஸ்க் தன்னை 2.0 என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'சூப்பர்ஸ்பீட்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹை-ஸ்பீட்' என்று வரும். பேரைப் பார்த்தால் இரண்டும் பெரிசாகத்தான் இருக்கிறது, ஆனால் ஹை-ஸ்பீட் என்பது 2000-ஆம் ஆண்டு வேகம். பிடுங்கிவிட்டுச் சட்டென்று ஒரே தள்ளு. இதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பியவர்கள் நிறைய.

சிப்புகளைப் பற்றி என் அபிப்பிராயம் தொழில் அபிப்பிராயம், அவ்வளவுதான். ரெனெசாஸ் 720201 (முந்தைய என்.இ.சி. வம்சம், 2010-இல் ரெனெசாஸில் கலந்தது) நிதானமானது. ஆனால் மலிவுக் கார்டில் அதன் ஃபர்ம்வேர் வைக்கும் சின்ன ரோம் சிப்பை மிச்சம் பிடித்து விட்டிருப்பார்கள். அப்போது அந்த ஃபர்ம்வேர் கோப்பை லினக்ஸே ஏற்றித் தர வேண்டும், அந்த வசதி பழைய கெர்னல்களில் இல்லை. வி.ஐ.ஏ. வி.எல்.805 எனக்குப் பிடித்தது. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இல் இருந்தது இதே சிப், இதே ஒற்றைப் பாதையில். உலகமெங்கும் அத்தனை பேர் அதை லினக்ஸில் போட்டு அடித்ததால் குறைகள் சீக்கிரம் வெளியே வந்து சரியாயின. அந்தக் காலத்து வி.ஐ.ஏ.வை நம்பாதவன் இந்த வி.ஐ.ஏ.வைப் பரிந்துரைக்கிறேன், காலம் அப்படி. எட்ரான் இ.ஜே.168, ஃப்ரெஸ்கோ லாஜிக்கின் முதல் சிப்புகள், ஏ.எஸ்.மீடியா 1042 எல்லாம் கெர்னலில் எக்ஸ்.எச்.சி.ஐ. என்ற அந்த 3.0 டிரைவரின் ஒரு கோப்பில் பேர் பேராக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதைச் செய்யக் கூடாது என்ற குறிப்போடு. ஆங்கிலமும் கொஞ்சம் சி மொழியும் தெரிந்தால் போதும், கார்டு வாங்குமுன் அந்தக் கோப்பைப் படிப்பது எந்த விமர்சனத்தைவிடவும் மேல். பெட்டிமேல் ஒரு சிப் பேரும் உள்ளே வேறு சிப்பும் இருந்த பார்சல்களும் எனக்கு வந்திருக்கின்றன. அதனால் ஸ்டிக்கரை நம்பாமல் எல்.எஸ்.பி.சி.ஐ. சொல்வதைத்தான் பில்லில் எழுதுகிறேன்.

கெர்னல் கோப்பின் அந்தக் குறிப்புகளில் வேகத்தை நேரடியாகத் தொடுவது யூ.ஏ.எஸ். பழைய முறையில் டிஸ்க்குக்கு ஒரு கட்டளை போகும், அது முடிந்து பதில் வந்த பிறகே அடுத்தது. யூ.ஏ.எஸ். முறையில் பல கட்டளைகளை வரிசையில் அனுப்பிவிடலாம். பெரிய வீடியோ கோப்பில் வித்தியாசம் மிதமாகத்தான் தெரியும். ஆல்பத்துக்கான ஆயிரக்கணக்கான போட்டோக்களில் பளிச்சென்று தெரியும். 2014-இல் வந்த 3.15 கெர்னலிலிருந்து லினக்ஸில் இது உருப்படியாக ஓடுகிறது. ஆனால் நான் மேலே சொன்ன முதல் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றில் இதற்கு வேண்டிய ஸ்ட்ரீம்ஸ் வசதி பழுது என்று கெர்னலே அதை மூடி வைத்துவிடும். விலைப்பட்டியலில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கார்டு, ஒரே ஸ்லாட்டில், போட்டோ ஃபோல்டரில் மட்டும் வேறுபடுவதற்கு இதுதான் காரணம்.

மின்சாரத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கட்டுரைதான். 3.0 வாசல் ஒன்று 900 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும், அதாவது 4.5 வாட். நான்கு வாசலும் சேர்ந்து கேட்டால் 18. அதற்காகத்தான் கார்டில் தனி மின் பிளக் வைத்திருக்கிறார்கள், அதை மாட்டாமல் விட்டுவிடுவது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். மலிவு எஸ்.எம்.பி.எஸ். வேறு, மாலை ஏழு மணிக்கு லோ வோல்டேஜ் வேறு. டிஸ்க் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு மறையும். சில நேரம் கார்டே பேச்சை நிறுத்திவிட, ஹோஸ்ட் கண்ட்ரோலர் பதில் சொல்லவில்லை, செத்துவிட்டதாகக் கொள்கிறேன் என்று கெர்னல் எழுதிவைக்கும். இத்தனை சுருக்கமாக மரணச் செய்தி எழுத எந்தப் பத்திரிகைக்காரராலும் முடியாது. வேகப் பந்தயத்தில் முதலாவதாக வந்த கார்டு இரவு முழுக்கக் காப்பி ஓடும்போது இரண்டு மணிக்குச் செத்தால், ஸ்டுடியோக்காரருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அதனால் என் கடைசிச் சோதனை இரவில்தான். நான்கு வாசலிலும் டிஸ்க், விடிய விடிய எழுத்து, காலையில் செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. முந்நூற்றைம்பது காட்டித் தடுமாறுகிற கார்டைவிட இருநூற்றெண்பதில் விடியும்வரை நிற்கிற கார்டுக்குத்தான் என் கடையில் இடம்.

வயர்லெஸ் மவுஸ் துள்ளுகிறது என்று ஒருவர் வந்தார் என்றால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். 3.0 கம்பியிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. 2012-இல் இன்டெல்லே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. மவுஸின் குட்டி ரிசீவரை முன்பக்க வாசலுக்கு மாற்றினால் தீர்ந்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் நூற்றிச் சொச்சமே வருகிறது என்றால், அது டிஸ்க். இரண்டரை அங்குல வெளி ஹார்ட் டிஸ்க்கின் தட்டே நொடிக்கு 120, 130 எம்.பி.க்கு மேல் எழுதாது. அதுவும் தட்டின் வெளி விளிம்பில். டிஸ்க் நிறைய நிறைய உள்பக்கம் போகும், வேகம் பாதியாகும். இப்போது வரும் பெரும்பாலானவை ஓடு வேய்ந்தாற்போல் தடத்தின் மேல் தடம் ஏற்றி எழுதுகிற எஸ்.எம்.ஆர். வகை. முதல் சில ஜி.பி. ஜோராகப் போகும், பிறகு மூச்சு வாங்கும். என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கைப் பழைய லினக்ஸில் போட்டால், பயனர் தளத்தில் ஓடும் டிரைவர் சி.பி.யு.வைத் தின்றுகொண்டு இன்னும் இழுக்கும். 2021-இல் 5.15 கெர்னலோடு வந்த புது டிரைவரில் அந்தத் தொல்லை குறைவு. இதையெல்லாம் விளக்கி, 'கார்டில் குற்றமில்லை' என்று சொன்னால் 'வித்தவன் அப்படித்தாம்டே சொல்லுவான்' என்பார்கள். என் எஸ்.எஸ்.டி.யை அவர்கள் கண்முன்னே செருகிக் காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

வேகமே வேண்டாம் என்கிற இடமும் இந்தத் தொழிலில் உண்டு. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து டி.டி.ரெஸ்க்யூ வைத்துத் தரவு எடுக்கும்போது, பாதியில் கார்டு டிஸ்க்கைக் கைவிட்டால், மிச்சமிருக்கும் இடமெல்லாம் கெட்டது என்று அந்த நிரல் குறித்துக்கொண்டு ஓடிவிடும். கூடுமானவரை டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து நேரே சாட்டாவில் மாட்டிவிடுவேன். சில டிஸ்க்குகளில் சாட்டா முனையே கிடையாது, யூ.எஸ்.பி. வாசலைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றைப் போர்டின் பழைய 2.0 வாசலில் போட்டுவிட்டு, முப்பது எம்.பி.யில் ஊரட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். இடையன்குடியிலிருந்து ஒரு குடும்பம் கொண்டுவந்த டிஸ்க்கில் இறந்துபோன தகப்பனாரின் குரல் பதிவு மட்டும்தான் வேண்டும் என்றார்கள். அப்படி மெதுவாகத்தான் அது வந்தது.

இப்போது டிரோன் வைத்திருக்கும் பையன்கள் 10 ஜிகாபிட் கார்டு கேட்டு வருகிறார்கள். ஏ.எஸ்.எம். 3142 சிப் போட்ட கார்டு இருக்கிறது, நல்ல சிப். மூன்றாம் தலைமுறைப் பாதை இரண்டு கொடுத்தால் என்.வி.எம்.இ. உறையிலிருந்து நொடிக்கு ஆயிரத்தை நெருங்கும். எச்.61-இல் அது நடக்க வேண்டுமென்றால் மூன்றாம் தலைமுறை ஐ5 அல்லது ஐ7 வேண்டும், கார்டு பெரிய ஸ்லாட்டில் உட்கார வேண்டும். பெரிய ஸ்லாட் போர்டுக்கு ஒன்றே ஒன்று, அதில் ஏற்கெனவே எடிட்டிங்குக்கான கிராஃபிக்ஸ் கார்டு.

"அத எடுத்துட்டா எடிட்டிங் ஓடாதே அண்ணே" என்றான் ஒருவன்.

"எடுக்காண்டாம். ஒம் பெட்டிக்குள்ள இருக்க எஸ்.எஸ்.டி. எதுல மாட்டிருக்கு?"

எச்.61-இல் இருப்பது சாட்டாவின் பழைய இரண்டாம் தலைமுறை. 280-க்கு மேல் அது வாங்காது. வெளியே ஆயிரத்தில் வந்து வாசலில் நின்றாலும் உள்ளே 280-இல்தான் போகும். அதற்கு சின்ன ஸ்லாட்டில் ஐந்நூறு ரூபாய்க் கார்டே தாராளம். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வி.எல்.805 கார்டு ஒன்றும், அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு கேபிளும் வாங்கிக்கொண்டான். மிச்சப் பணத்துக்கு ராம் இருக்கிறதா என்று கேட்டான். டி.டி.ஆர்.3 இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும், திருநெல்வேலியில் சொல்லி வைத்திருக்கிறேன்.